கழுத்தில் கட்டி இல்லாத ஆடுகள்

நோய் என்பது மெலிந்த உடலையே முதலில் பற்றும் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். துள்ளுமாரி என்னும் ஆட்டு நோயோ இதற்கு நேர்மாறான இயல்புடையது. பட்டியில் எந்தக் குட்டி மிக நன்றாகத் தின்கிறதோ, எதன் முதுகு உருண்டு திரண்டிருக்கிறதோ, வந்தவர் போனவரிடமெல்லாம் எதைக் காட்டி நாம் பெருமை பேசுகிறோமோ, அதைத்தான் அது தேர்ந்தெடுக்கும். மாலையில் தீவனத் தொட்டிக்குள் முகத்தைப் புதைத்து நின்ற குட்டி, பொழுது விடியும்போது தலை பின்புறம் வளைந்து, கால்கள் விறைத்துக் கிடக்கும். இரண்டிற்கும் இடையில் இருமல், காய்ச்சல், தின்ன மறுத்தல் ஆகிய எந்த முன்னறிவிப்பும் இராது.

அவ்வாண்டு எங்கள் பட்டியில் மூன்று குட்டிகள் இவ்வாறு இறந்தன. வியப்பு யாதெனில், மூன்றிற்கும் தடுப்பூசி போடப்பட்டிருந்தது. முதல் ஊசி மட்டுமன்று. மூன்று வாரம் கழித்துப் போட வேண்டிய இரண்டாம் ஊசியும் தவறாமல் போடப்பட்டிருந்தது.

மூன்றாவதாக இறந்த கிடாக்குட்டியை நாங்கள் மேஸ்திரி என்று அழைத்து வந்தோம். மற்ற குட்டிகளையெல்லாம் தலையால் முட்டி வரிசைப்படுத்திவிட்டு, தொட்டியின் நடுவிடத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அதே தொட்டியின் அடியில் அது செத்துக் கிடந்தது. என் கணவர் அதைக் காலால் தொட்டுப் பார்த்தார்; பிறகு குனிந்து கையால் தொட்டுப் பார்த்தார்; பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“ஊசி போடாத வருஷம் ரெண்டு செத்துச்சு. ஊசி போட்ட வருஷம் மூணு. இதுலேருந்து உனக்கு என்ன தெரியுது?”

அவருடைய தம்பி, அஃதாவது என் கொழுந்தன், வைக்கோல் கட்டைத் தோளில் சுமந்தபடி நின்றிருந்தான். “வருஷம் இன்னும் முடியலைன்னு தெரியுது, அண்ணே” என்றான்.

“உன்கிட்ட யாருடா கேட்டா? வாயை மூடிக்கிட்டு வைக்கோலைப் போடு.”

தடுப்பூசி போட்டே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். ஆகையால் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவளும் நானே. கணவர் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, பட்டியின் கம்பி வேலியில் சாய்ந்துகொண்டு, ஆட்டு வியாபாரியை அழைத்தார். அந்த வியாபாரியை எல்லாரும் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். ஓர் ஆட்டின் முதுகில் உள்ளங்கையை வைத்த மாத்திரத்தில் எடையைச் சொல்லிவிடுவார். அந்த எடை எப்போதும் நாம் நினைத்ததைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

“வெள்ளிக்கிழமை வண்டியோட வாங்க. எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போயிடுங்க.”

“எல்லாத்தையுமா?” என்று கேட்டேன்.

“கயிறு உட்பட” என்றார் கணவர், கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமலே.

எங்கள் வீட்டின் பின்புறம் சமையலறைச் சன்னலைத் திறந்தால் பட்டிதான் தெரியும். தகரக் கூரை, சிமெண்டுத் தரை, நீண்ட தீவனத் தொட்டி, மூலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. இவற்றை அமைப்பதற்கு முன், நான் ஒரு சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் பணியில் இருந்தேன். நாள் முழுவதும் நீராவிக்குள் நிற்பேன். என்னைக் கூப்பிட வேண்டுமானால் இயந்திரத்தின் மேல் தட்டுவார்கள், ஏனெனில் அங்கே ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காது. ஆடுகள் போய்விட்டால் நான் மீண்டும் அங்கேதான் போக வேண்டும். இதைக் கணவரும் அறிவார். அறிந்திருந்தும் அவர் தொலைபேசினார் என்பதிலிருந்து, மூன்றாவது சாவு அவரை எவ்வளவு அச்சுறுத்தியது என்பதை நான் விளங்கிக்கொண்டேன்.

“செத்தது செத்துப் போச்சு. டாக்டரம்மாகிட்ட கொண்டுபோய்க் காட்டிட்டு வரேன். ஏன் செத்துச்சுன்னாவது தெரியட்டும்” என்றேன்.

“தெரிஞ்சு என்ன பண்ணப் போற?”

“தெரியாம என்ன பண்றது?”

அவர் கம்பி வேலியை விட்டு விலகி வழிவிட்டார். அதை இசைவு என்று எடுத்துக்கொண்டு, நானும் கொழுந்தனும் மேஸ்திரியைச் சாக்கில் சுற்றித் தள்ளுவண்டியில் ஏற்றினோம்.

கால்நடை மருத்துவமனையின் பின்கட்டில் நடுவில் பள்ளமும் வடிகால் துளையும் உடைய சிமெண்டு மேடை ஒன்று உண்டு. டாக்டரம்மா கையுறை அணிந்து குட்டியை அறுத்துக் காட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. எத்தனையோ முறை தடவிக் கொடுத்த உடலின் உட்புறம் எவ்வாறு இருக்கும் என்பதை அறியும் ஆவல் எனக்கு இருந்தது. சிறுநீரகம் உறுதியாக இருப்பதற்கு மாறாக, கொழகொழத்து விரலில் ஒட்டியது. இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் வைக்கோல் நிறத்தில் நீர் தேங்கியிருந்தது. அவர் சிறுநீர்ப்பையிலிருந்து சில துளிகளை எடுத்து ஒரு மெல்லிய காகிதப் பட்டையை நனைத்தார். பட்டையின் ஒரு கட்டம் கண்ணெதிரே நிறம் மாறியது.

“சர்க்கரை” என்றார்.

“ஆட்டுக்குமா சர்க்கரை வியாதி?” என்று கொழுந்தன் கேட்டான்.

“வியாதி இல்லப்பா. இது துள்ளுமாரியோட கையெழுத்து. குடல்ல ஒரு கிருமி இருக்கு. எல்லா ஆட்டோட குடல்லயும் எப்பவும் கொஞ்சம் இருக்கும், அது பாட்டுக்கு இருக்கும். நீங்க திடீர்னு சோளத்தை வாரிப் போட்டீங்கன்னா அதுக்குக் கொண்டாட்டம். பெருகிப் பெருகி ஒரு விஷத்தைக் கக்கும். அந்த விஷம்தான் கொல்லுது. அதனாலதான் நல்லா தின்னுற குட்டியாப் பார்த்துப் போகுது.”

“அப்போ ஊசி கொல்லலை?”

“ஊசி ஏம்மா கொல்லப் போகுது? அந்த விஷத்தை எப்படி முறிக்கணும்னு உடம்புக்குச் சொல்லிக் குடுக்கறதுதான் ஊசி. சொல்லிக் குடுத்தும் இது ஏன் கத்துக்கலைங்கறதுதான் எனக்கும் புரியலை. மருந்தை எங்க வச்சிருந்தீங்க?”

“ஃப்ரிட்ஜ்ல.”

“ஐஸ் உறையற மேல் தட்டுலயா?”

“இல்லைங்க. கீழ. தக்காளிக்குப் பக்கத்துல.”

“உறைஞ்சு போயிருந்ததா?”

“தக்காளியே உறையலைங்க.”

“ஊசி எங்க போட்டீங்க?”

“இடது பக்கக் கழுத்து. தோலைத் தூக்கிப் பிடிச்சு, தோலுக்கு அடியில.”

எல்லா விடைகளும் சரியாகவே இருந்தன. அதுவே அவரைக் குழப்பியது. மேஸ்திரியின் இடது கழுத்தில் உரோமத்தை விலக்கி, கட்டைவிரலால் நெடுநேரம் அழுத்தித் தேடினார். பிறகு, “இங்க ஒரு சின்னக் கட்டி இருக்கும், பட்டாணி மாதிரி. எல்லாத்துக்கும் வராது, ஆனா இந்த மருந்துக்குப் பெரும்பாலும் வரும். கொஞ்ச மாசம் இருந்துட்டுக் கரைஞ்சு போகும். இதுக்கு ஒண்ணுமே இல்லை” என்றார். “வீட்டுல மத்ததுக்கு இருக்கான்னு தொட்டுப் பாருங்க. நானும் யோசிக்கறேன். அதுவரைக்கும் சோளம் வேண்டாம். வைக்கோல், புல்லு, தண்ணி. அவ்வளவுதான்.”

சோளத்தை நிறுத்த வேண்டும் என்ற செய்தியைக் கணவரிடம் சொன்னபோது, அவர் என்னை ஏதோ வேற்று மொழி பேசுபவளைப் போல நோக்கினார்.

“மூணு நாள்ல தராசு வந்து முதுகுல கை வைப்பான். இன்னைக்கு சோளத்தை நிறுத்தினா வெள்ளிக்கிழமை எலும்புதான் தட்டுப்படும். யார் பேச்சைக் கேட்டு இந்த நிலைமைக்கு வந்தோமோ அவங்க பேச்சையே மறுபடியும் கேட்கணுமா?”

“எது ஆபத்துல இருக்குன்னு கண்டுபிடிச்சுச் சொன்னா, அதுக்கு மட்டுமாவது நிறுத்துவீங்களா?”

“கண்டுபிடி பார்ப்போம்.”

அவர் அதை ஏளனமாகத்தான் சொன்னார். நான் அதை ஒப்பந்தமாக ஏற்றுக்கொண்டேன்.

அன்று மாலையே ஆடுகளை ஒவ்வொன்றாக என் முழங்கால்களுக்கிடையே நிறுத்தி, இடது கழுத்தைத் தடவத் தொடங்கினேன். முதல் ஆட்டிற்குக் கட்டி இருந்தது. தோலுக்கு அடியில், விரலுக்கு வழுக்கிக் கொடுக்கும் உருண்டை. இரண்டாவதற்கு அதைவிடப் பெரியது, கொட்டைப்பாக்கு அளவு. மூன்றாவதற்கு இருந்தது, நான்காவதற்கு இல்லை. கட்டி இல்லாத ஆட்டின் நெற்றியில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு கிழித்தேன். கொழுந்தன் ஆடுகளைப் பிடித்துக் கொடுத்தான்.

“அண்ணி, ஆட்டுக்கெல்லாம் பொட்டு வைக்கறீங்க. சந்தோஷமா இருக்குதுங்க.”

“நீ பிடிக்கற பிடியில ஒண்ணும் சந்தோஷமா இல்லை. காதை விட்டுட்டுத் தாடையைப் பிடி.”

வேலை முடிந்து நிமிர்ந்து பார்த்தபோது, பட்டியில் பதினோரு ஆடுகளின் நெற்றியில் கோடு இருந்தது. அவற்றுள் ஒன்றைத் தவிர மற்றவை அனைத்தும் தீவனத் தொட்டியைச் சுற்றியே நின்றுகொண்டிருந்தன. எல்லாம் கொழுத்த குட்டிகள், மேஸ்திரியின் சகாக்கள். நோய் தேர்ந்தெடுக்கும் ஆடுகளும் கட்டி இல்லாத ஆடுகளும் ஒன்றாகவே இருந்தன.

“இதுல என்ன அதிசயம்?” என்றான் கொழுந்தன். “கொழுப்பு அண்ணி, கொழுப்பு. கட்டி உள்ள இருக்கு, கொழுப்பு மூடியிருக்கு. எங்க அண்ணன் கழுத்துல எலும்பு இருக்கறது தெரியுதா? அது மாதிரி.”

இந்த விளக்கம் மிகவும் பொருத்தமாக இருந்தமையால் நான் சோர்ந்துபோனேன். கொழுத்த உடலில் கட்டி மறைந்திருக்கிறது என்றால், அதில் அறிந்துகொள்ள எதுவுமில்லை. அன்றிரவு கணவர் தொட்டியில் வழக்கம்போல் சோளத்தைக் கொட்டினார். நான் தடுக்கவில்லை, தடுப்பதற்குரிய காரணம் என் கையில் இல்லை. ஆனால் உறங்கப் போகும் முன் ஒரு வாளியில் பாதிச் சோளத்தை ஓசையின்றி வாரிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பட்டியைக் கூட்டும்போது, நெற்றியில் கோடு உடைய அந்தப் பதினோராவது ஆடு துடைப்பத்திற்குக் குறுக்கே வந்து நின்றது. பின்னங்கால் ஒன்று சிறுவயதிலேயே வளைந்துவிட்ட பெட்டைக்குட்டி. எங்கே போனாலும் நின்று நின்று, எல்லாரும் போய்ச் சேர்ந்த பிறகு வந்து சேரும் என்பதால் அதற்குப் பாசஞ்சர் என்று பெயர் வைத்திருந்தோம். தொட்டியை அது அடைவதற்குள் சோளம் தீர்ந்துவிடும். ஆகவே அதன் விலா எலும்புகளைத் தொடாமலே எண்ணிவிடலாம்.

துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, குந்தி அமர்ந்து, அதன் கழுத்தை மீண்டும் தடவினேன். தோலுக்கு அடியில் கொழுப்பு என்பதே இல்லை. மறைப்பதற்கு எதுவும் இல்லாத கழுத்து. கட்டியும் இல்லை.

“தம்பி! இங்க வா, சீக்கிரம்!”

கொழுந்தன் வாயில் பல்துலக்கியுடன் ஓடி வந்தான்.

“இதுக்கு ஏது கொழுப்பு?”

அவன் தடவிப் பார்த்தான். பல்துலக்கியை வாயிலிருந்து எடுத்தான். “கொழுப்பு இல்லை” என்று ஒப்புக்கொண்டான்.

“அப்போ மேஸ்திரிக்கும் இதுக்கும் என்ன ஒத்துமை? அவன் குண்டு, இவ ஒல்லி. அவன் கிடா, இவ பெட்டை. அவன் முட்டுவான், இவ முட்டு வாங்குவா.”

“அவன் எல்லாத்துலயும் முதல் ஆளு. இவ எல்லாத்துலயும் கடைசி ஆளு.”

“எல்லாத்துலயுமா?” என்று கேட்டேன். “ஊசி போட்ட அன்னைக்கு?”

அவன் கண்ணை மூடிக்கொண்டு நினைவுகூர்ந்தான். ஊசி போடுவதற்காக, ஓர் ஆடு மட்டுமே நுழையக்கூடிய அகலத்தில் தகரம் அடித்து ஒரு சந்து செய்திருந்தோம். ஆடுகளை ஒரு முனையில் விரட்டினால் வரிசையாக மறுமுனைக்கு வரும். அங்கே கொழுந்தன் ஊசியுடன் நிற்பான். மிரண்ட ஆடுகள் முதலில் ஓடி வந்தன. தொட்டியருகே இருந்த கொழுத்த குட்டிகளோ, உலகமே புரண்டாலும் தொட்டியை விட்டு வர மனமில்லாமல் நின்றன. அவற்றைக் கடைசியில் கணவர் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து சந்திற்குள் விட வேண்டியிருந்தது.

“ஆமா அண்ணி. மேஸ்திரியைத் தூக்கிட்டு வந்ததுலதான் அண்ணனுக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. ரெண்டு தடவையும். அதுக்கு அப்புறம் பாசஞ்சர் வந்தா, தனியா, யாரோ விருந்தாளி மாதிரி.”

இவ்வாறாக, கட்டி இல்லாத ஆடுகள் கொழுத்தவை என்பது உண்மையன்று. அவை கடைசியாக வந்தவை என்பதே உண்மை. ஆனால் அந்த உண்மை இன்னொரு கேள்வியாக மாறிக்கொண்டது. ஒரே குப்பி, ஒரே மருந்து, ஒரே ஊசி, ஒரே கை. முதலில் வந்ததற்கும் கடைசியில் வந்ததற்கும் மருந்து எவ்வாறு வேறுபடும்?

“உன் கை அசந்து போச்சோ?” என்று கேட்டேன்.

கொழுந்தனின் முகம் சிவந்தது. அவனை வீட்டில் இன்ஜினியர் என்று கேலி செய்வது வழக்கம். எந்தக் கல்லூரிக்கும் அவன் போனதில்லை. எனினும் எந்தப் பொருளையும் அது இருந்தபடியே இருக்கவிட மாட்டான். “அது ஆஸ்பத்திரியில இரவல் வாங்கின விசை ஊசி அண்ணி. அழுத்தினா அளவு மருந்து உள்ள போகும். விட்டா குழாய் வழியா தானா ரொம்பிக்கும். நான் தூங்கிக்கிட்டே போட்டாலும் அளவு மாறாது. கையைப் பத்தி மட்டும் பேசாதீங்க.”

நான் டாக்டரம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, கடைசியில் வந்தவை என்று மட்டும் கூறினேன். “கடைசியில வந்ததா?” என்று அவர் திருப்பிக் கேட்டார். பிறகு, “நாளைக்கு வேலை முடிஞ்சு வரும்போது புது பாட்டில் ஒண்ணு கொண்டு வரேன். அன்னைக்கு எப்படிப் போட்டீங்களோ அதே மாதிரி செஞ்சு காட்டணும். ஒண்ணையும் மாத்தக் கூடாது” என்றார்.

வியாழக்கிழமை மாலை அவர் வந்தார். கொழுந்தன் குளித்து, சட்டை மாற்றி, தலை சீவி நின்றான். அவனுடைய கண்டுபிடிப்பை ஒரு மருத்துவர் பார்க்க வந்திருக்கிறார் அல்லவா? கணவரோ தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் அமர்ந்து, தமக்கு இதில் ஈடுபாடு இல்லை என்பதை முதுகின் மூலம் தெரிவித்துக்கொண்டிருந்தார்.

“இங்கதான் டாக்டரம்மா விஷயமே இருக்கு” என்றான் கொழுந்தன். தகரச் சந்தின் முடிவில், தூணில் அடித்திருந்த ஆணியைக் காட்டினான். “பாட்டிலை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, ஊசியை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, ஆட்டை எந்தக் கையில பிடிக்கறது? அதான் பாட்டிலுக்கு ஒரு கம்பிக் கூடு செஞ்சு, தலைகீழா ஆணியில மாட்டிட்டேன். ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்தற மாதிரி. மருந்து தானா இறங்கும், ரெண்டு கையும் சும்மா இருக்கும்.”

“மாட்டறதுக்கு முன்னாடி குலுக்கினீங்களா?”

“குலுக்காம? பாட்டில்ல எழுதியிருக்கே.” அவன் குப்பியைப் பலமாகக் குலுக்கினான். உள்ளே இருந்த திரவம் பால்போல் வெளுத்தது. கம்பிக் கூட்டில் வைத்து ஆணியில் தொங்கவிட்டான். விசை ஊசியின் குழாயைக் குப்பியின் அடைப்பானில் செருகிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டான்.

“நல்ல யோசனைதான்” என்றார் டாக்டரம்மா. அவர் குரலில் கேலி இல்லை. “அன்னைக்கு எல்லா ஆட்டுக்கும் போட்டு முடிக்க எவ்வளவு நேரம் ஆச்சு?”

“காலைல ஆரம்பிச்சோம். நடுவுல ஒரு கிழட்டு ஆடு தகரத்தைத் தாண்டித் தெருவுல ஓடிருச்சு. அதைத் தேடிக் கடைத்தெரு வரைக்கும் போனோம். இழுத்துட்டு வந்து டீ குடிச்சோம். அப்புறம் தொட்டிக்கிட்ட நின்ன கூட்டத்தை அண்ணன் தூக்கிட்டு வந்தாரு. ரெண்டாவது தடவையும் கிட்டத்தட்ட இதே கூத்துதான்.”

“அதுவரைக்கும் பாட்டில்?”

“ஆணியிலதான்.”

“சரி. நாமும் டீ குடிப்போம்.”

நான் தேநீர் கொண்டுவந்தேன். டாக்டரம்மா சாக்குக் கட்டின் மேல் அமர்ந்து, தம் வீட்டு மாடியில் குரங்குகள் செய்யும் அட்டகாசத்தைப் பற்றி நிதானமாகப் பேசினார். கொழுந்தன் குரங்கு விரட்டும் பொறி ஒன்றிற்குத் திட்டம் வகுக்கத் தொடங்கினான். நான் மட்டும் ஆணியில் தொங்கிய குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்; டாக்டரம்மாவின் பார்வையும் அவ்வப்போது அங்கே போய் வந்தது. முதலில் எந்த மாற்றமும் புலப்படவில்லை. பிறகு, குப்பியின் மேற்பகுதியில், அஃதாவது தலைகீழாகத் தொங்கியமையால் மேலே வந்திருந்த அடிப்பகுதியில், நகத்தின் அகலத்திற்கு ஒரு தெளிவு தோன்றியது. அத்தெளிவு மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. இறங்கியது தெளிவன்று, வெண்மை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். இரண்டாவது குவளைத் தேநீர் ஆறிப்போன வேளையில், வெண்மை முழுவதும் குப்பியின் கழுத்தில் தயிர்போல் திரண்டிருந்தது. மேலே இருந்தது வெறும் தண்ணீரைப் போலத் துலக்கமாக இருந்தது.

“தம்பி, உன் பாட்டிலைப் பாரு” என்றேன்.

அவன் பார்த்தான். குரங்குப் பொறி பாதியில் நின்றது.

“அந்த வெள்ளைதான் மருந்து” என்றார் டாக்டரம்மா. “மேல இருக்கறது மருந்தைச் சுமக்கற தண்ணி. தலைகீழா தொங்கினதால வெள்ளையெல்லாம் வாய்க்கு வந்துருச்சு. முதல்ல ஓடி வந்த ஆட்டுக்கெல்லாம் கெட்டியா போயிருக்கு, அதான் பாக்கு மாதிரி கட்டி. கடைசியில வந்ததுக்கு வெறும் தண்ணி. ஊசி போட்டாச்சு, ஆனா மருந்து போகலை.”

கொழுந்தன் ஆணியைத் தொட்டுப் பார்த்தான். அதன்மேல் குற்றம் சாட்டுவதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. அப்போது தண்ணீர்த் தொட்டியிலிருந்து கணவரின் குரல் வந்தது.

“ஆணி நல்லாத்தான் அடிச்சிருக்கான். மூணு உயிரைத் தாங்கியிருக்கு.”

“அண்ணே...”

“நான்தானே தூக்கிட்டு வந்து விட்டேன். இடுப்பு ஒடிய ஒடிய, தண்ணி போட்டுக்கறதுக்கு.” அவர் எழுந்து வந்து குப்பியை அருகில் பார்த்தார். “சரி. இப்போ புரிஞ்சுது. ஆனா வண்டி நாளைக்கு வருது. சொன்னா சொன்னதுதான்.”

டாக்டரம்மா அந்தப் பதினோரு ஆடுகளுக்கும் அப்போதே ஊசி போட்டார். கொழுந்தன் ஒவ்வோர் ஆட்டிற்கும் ஊசி போடுமுன் குப்பியைக் குலுக்கினான். நுரை வரும் அளவிற்குக் குலுக்கியமையால், “சர்பத் போடலைப்பா, மெதுவா கவிழ்த்து நிமிர்த்தினாப் போதும்” என்று அவர் சொல்ல வேண்டியதாயிற்று. மருந்து உடலில் வேலை செய்யச் சுமார் இரண்டு வாரம் ஆகும் என்றும், மூன்று வாரத்தில் மறு ஊசி வேண்டும் என்றும், அதுவரை இவை பதினொன்றிற்கும் சோளத்தைக் கண்ணில் காட்டக் கூடாது என்றும் கூறிச் சென்றார். கணவர் அவற்றை மூலையில் தனியே அடைத்து வைக்கோல் போட்டார். “ஒரு ராத்திரிதானே” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தராசு வந்தார். லாரியின் பின்கதவு சங்கிலியோடு கீழே விழும் ஓசை எனக்குச் சலவைக் கூடத்தின் இயந்திரத்தை நினைவூட்டியது. நான் சமையலறைச் சன்னலில் நின்றேன். என் வாதம் முடிந்துவிட்டது; நான் கண்டுபிடித்துவிட்டேன், எனினும் கண்டுபிடித்ததனால் எதுவும் நிற்கவில்லை.

தராசு முதல் ஆட்டின் முதுகில் கை வைத்தார். பிறகு அவர் கை கழுத்திற்குப் போயிற்று. நின்றது.

“என்னப்பா இது, கட்டி?”

அடுத்ததைத் தொட்டார். “இதுக்கும் கட்டி.” அடுத்தது. “என்ன சீக்கு இது? மூணு குட்டி செத்துச்சாமே, தெருவெல்லாம் பேச்சு. இந்தக் கட்டி ஆட்டையெல்லாம் என் தலையில கட்டப் பார்க்கிறியா?”

“சீக்கு இல்லை. ஊசி போட்ட இடம்” என்றார் கணவர்.

“ஊசி போட்டா இப்படியா வரும்?” தராசு மூலைக்குப் போய், அடைத்திருந்த குட்டிகளைத் தடவினார். அவர் முகம் மலர்ந்தது. “இது ஆடு. கழுத்து எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு. இந்தப் பத்தையும் குடு. அந்த நொண்டி வேண்டாம். கட்டி ஆடெல்லாம் நீயே வச்சுக்கோ.”

கணவர் மூலையின் பக்கம் திரும்பினார். அவர் பேசாமல் இருந்திருந்தால் பத்து ஆடுகளும் லாரியில் ஏறியிருக்கும். நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“கொண்டுபோய் என்ன போடுவீங்க?” என்று கணவர் கேட்டார்.

“என்ன போடுவாங்க? பத்து நாள் சோளத்தை வச்சுக் கொழுக்க விட்டுத்தான் அனுப்புவேன்.”

“அதுங்களுக்கு மூணு வாரத்துக்குச் சோளம் ஆகாது.”

“வாங்கினவன் நான். எது ஆகும், எது ஆகாதுன்னு நான் பார்த்துக்கறேன்.”

“செத்துரும்யா.”

தராசு கையை எடுத்துவிட்டார். “விக்கறவன் பேசற பேச்சா இது? உனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

“இருங்க. ஒரு நிமிஷம் இருங்க.” கணவர் வீட்டிற்குள் வந்தார். என்னைக் கடந்து போய்க் குளிர்பெட்டியைத் திறந்து, தக்காளிக்குப் பக்கத்திலிருந்து, டாக்டரம்மா விட்டுப்போன மீதி மருந்துக் குப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இரவு முழுவதும் அசையாமல் நின்ற குப்பியில் வெண்மை அடியில் படிந்திருந்தது. அவர் அதைத் தராசின் கண்ணுக்கு நேரே பிடித்து, தலைகீழாகக் கவிழ்த்தார்.

“இதைப் பாருங்க. இந்த வெள்ளை எங்க வருது பாருங்க. நான் இப்போ இதை ஆணியில மாட்டினேன்னு வச்சுக்குங்க...”

அவர் தொடக்கத்திலிருந்து சொன்னார். ஆணியைக் காட்டினார், தகரச் சந்தைக் காட்டினார், மிரண்ட ஆடு எப்படி ஓடி வரும் என்பதைத் தாமே குனிந்து நடந்து காட்டினார். தராசின் கையைப் பிடித்து ஒரு கட்டியின் மேல் வைத்து, “இது சீக்கு இல்லை, இது மருந்து தங்கின இடம்” என்றார். பிறகு அதே கையைச் சுத்தமான கழுத்தின் மேல் வைத்து, “இங்க பாருங்க, இங்க ஒண்ணும் தங்கலை” என்றார். இரு நாள்களாக நான் சொல்லியும் அவர் காதில் ஏறாத சொற்களையெல்லாம் அவர் தம்முடைய சொற்களாகவே சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல அவருடைய குரல் உயர்ந்தது. இடையில் ஓரிடத்தில் தாமே நின்று, “அட, ஆமா!” என்றுகூடச் சொன்னார்.

கொழுந்தன் என் பக்கத்தில் சன்னலுக்கு வந்து நின்றான். “அண்ணி, எங்க அண்ணன் விக்கறாரா, பாடம் நடத்தறாரா?”

“பேசாம கேளு.”

தராசு முழுவதையும் கேட்டார். இறுதியில் குப்பியைத் தம் கையில் வாங்கி, ஒரு முறை கவிழ்த்து, நிமிர்த்தி, மீண்டும் கவிழ்த்துப் பார்த்தார். “அப்போ கட்டி இருக்கறதுதான் நல்ல ஆடுன்னு சொல்ற.”

“ஆமா.”

“அப்போ கட்டி ஆட்டைக் குடு.”

கணவர் ஆடுகளைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அது அவ்வளவு நேரமாக இருந்திருக்காது.

“நல்ல ஆட்டை எதுக்கு விக்கணும்?” என்றார்.

தராசு வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். டீசலுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். கணவர் தேநீர் தருவதாகச் சொன்னார். தேநீரைக் குடித்துவிட்டு, பின்கதவைத் தூக்கிப் பூட்டிவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஏறியமர்ந்த பிறகு, தராசு சன்னல் வழியே தலையை நீட்டினார்.

“அந்த டாக்டரம்மா காலைல எத்தனை மணிக்கு வருவாங்க?”

வெற்று வண்டி தெருமுனை திரும்பும்வரை கணவர் வாசலிலேயே நின்றார். பிறகு பட்டிக்கு வந்து, மூலையில் அடைத்திருந்த குட்டிகளுக்கு எதிரே குந்தி அமர்ந்தார். அவை சோளம் வரும் என்ற நம்பிக்கையில் அவருடைய கையை நக்கின. அவர் இரு உள்ளங்கைகளையும் விரித்து, ஒன்றுமில்லை என்று காட்டினார். நான் வைக்கோல் கட்டுடன் அருகில் போனேன். அவர் நிமிரவில்லை.

“ஏம்மா, அந்தக் கிருமி எல்லா ஆட்டுக்குள்ளயும் எப்பவுமே இருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்களாமே. தம்பி சொன்னான்.”

“ஆமா.”

“சோளமே போடாத ஆட்டுக்குள்ள அது சும்மா உட்கார்ந்து என்ன பண்ணிக்கிட்டு இருக்கும்?”

எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் தலையை அசைத்தார். வைக்கோல் கட்டை என் கையிலிருந்து வாங்கி, முடிச்சை அவிழ்த்தபடியே, “நாளைக்கு அந்த விசை ஊசியை ஆஸ்பத்திரியில திருப்பிக் குடுக்க நானே போறேன். கேட்டுட்டு வரேன்” என்றார்.